பெயர் போடாமல் எழுதியவர்

நேயர்களுக்கு வணக்கம்.

1970-களின் நடுவில் நான் ஒரு தமிழ் நாளிதழில் இரவுப் பணியில் உதவி ஆசிரியராக இருந்தேன். டெலிபிரிண்டர் தடதடவென்று ஆங்கிலச் செய்திகளை அடித்துத் தள்ளிக்கொண்டே இருக்கும். அதைக் கிழித்தெடுத்து, வேண்டியதைத் தமிழில் எழுதி, அச்சுக்கோப்பவர்களிடம் அனுப்ப வேண்டும். சீனப் பெயர் வந்தால் மட்டும் எல்லோரும் என் மேசைக்குத் தள்ளிவிடுவார்கள். எனக்குச் சீன மொழி தெரியும் என்பதால் அல்ல, அங்கே வயதில் சின்னவன் நான்தான். அப்படி அடிக்கடி வந்து விழுந்த பெயர் ஒன்று, ‘சியாவோ குவான்-ஹுவா’. சீனாவின் வெளியுறவு அமைச்சர். “அந்த ஆளும் ஒரு காலத்தில் நம்மைப் போல ராத்திரியெல்லாம் கண் விழித்து வெளிநாட்டுச் செய்தி எழுதியவர்தான்” என்று எங்கள் செய்தி ஆசிரியர் ஒருநாள் டீ குடிக்கும்போது சொன்னார். அன்றிலிருந்து அந்தப் பெயர் வந்தால் நானே எழுந்துபோய் வாங்கிக்கொள்வேன்.

இன்றைக்கு அவரைப் பற்றித்தான் பேசப்போகிறேன். பழைய எழுத்துக்கூட்டலை விட்டுவிட்டு, சீனர்கள் உச்சரிப்பதற்குக் கொஞ்சம் நெருக்கமாக, சியாவ் குவான்ஹுவா என்று சொல்கிறேன். சியாவ் என்பது குடும்பப் பெயர். அங்கே அதுதான் முன்னால் வரும்.

1913-ல் சியாங்சு மாகாணத்தின் யான்செங் பகுதியில் பிறந்தவர். படிப்பில் கெட்டி. சிங்ஹுவா பல்கலைக்கழகத்தில் தத்துவம், ஜப்பானில் கொஞ்ச காலம், அப்புறம் ஜெர்மனியில் டூபிங்கன். அங்கே டாக்டர் பட்டத்துக்கு அவர் எடுத்துக்கொண்ட பொருள், சுவாங்சி என்ற பழைய சீன ஞானி. இந்த சுவாங்சி வேடிக்கையான ஆள். அரசன் பெரிய பதவி தருகிறேன் என்று தூது அனுப்பியபோது, கோயிலில் பட்டுத்துணி சுற்றிப் பூசிக்கப்படும் செத்த ஆமையாக இருப்பதைவிட, சேற்றில் வாலை இழுத்துக்கொண்டு திரியும் உயிருள்ள ஆமையாக இருப்பதே எனக்குப் பிடிக்கும் என்று சொல்லி அனுப்பியவர். அவரைப் பற்றி ஆராய்ச்சி செய்த பையன்தான் பிற்பாடு அமைச்சரானான்.

அவர் ஜெர்மனியில் இருந்தபோது அங்கே ஹிட்லர் ஆட்சி. 1937-ல் ஜப்பான் சீனாவின் மேல் முழுப் போர் தொடுத்தது. ஐரோப்பாவிலும் போர் வரப்போகிறது என்பது தெருவிலேயே தெரிந்த காலம். 1938-ல் ஊர் திரும்பியவர் ஹாங்காங்கில் ஒரு மாலைப் பத்திரிகையில் சேர்ந்து சர்வதேச விமர்சனக் கட்டுரைகள் எழுதத் தொடங்கினார். அடுத்த ஆண்டு கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தார்.

சர்வதேச விமர்சனம் எழுதுவது எப்படிப்பட்ட வேலை என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். உள்ளூர்ச் செய்தி எழுதுகிறவனுக்குப் போய்ப் பார்க்க ஒரு இடம் இருக்கிறது, கேட்க ஒரு ஆள் இருக்கிறார். வெளிநாட்டைப் பற்றி எழுதுகிறவனுக்கு ஒரு நிலப்படமும், நாலைந்து செய்தி நிறுவனங்களின் முரண்பட்ட தகவல்களும்தான். எந்தத் தலைவர் எந்தச் சொல்லைச் சொன்னார், போன மாதம் சொன்ன சொல்லை இப்போது ஏன் விட்டுவிட்டார் என்று பார்த்துப் பார்த்துத்தான் அடுத்தது என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டும். தப்பாகப் போனால் நாளைக்கே தெரிந்துவிடும். சியாவின் கட்டுரைகளுக்கு வாசகர்கள் காத்திருந்தார்கள். அவருடைய கட்டுரை ஒன்று இரண்டு டாங்கிப் படைப்பிரிவுகளுக்குச் சமம் என்று மாவோ சொன்னதாக ஒரு கதை உலவுகிறது. கதைதான். ஆனால் அப்படி ஒரு கதை கிளம்புவதற்கே எழுத்தில் ஏதாவது இருந்திருக்க வேண்டும் அல்லவா?

அந்தக் கட்டுரைகளில் அவர் போட்டுக்கொண்ட பெயர் ‘சியாவ் மு’. உயர்ந்து வளர்ந்த மரம் என்று பொருள். இதில் ஒரு வேடிக்கை நடந்தது. வடக்கே மாவோவின் செயலாளராக இருந்த இன்னொருவரும் அதே புனைபெயரில் எழுதிக்கொண்டிருந்தார். இருவரும் யான்செங்காரர்கள், இருவரும் சிங்ஹுவாவில் படித்தவர்கள்! வட சியாவ், தென் சியாவ் என்று ஆட்கள் பிரித்துச் சொல்ல வேண்டியதாயிற்று. கடைசியில் மாவோவே பஞ்சாயத்து செய்தார் என்பார்கள். வடக்கத்தியவர் அந்தப் பெயரை வைத்துக்கொண்டு முன்னால் தன் குடும்பப் பெயரைச் சேர்த்து ஹூ சியாவ்மு ஆனார். நம்மவர் பெற்றோர் வைத்த பெயருக்கே திரும்பினார். எழுதுகிறவனுக்குப் பெயரை விட்டுக்கொடுப்பது லேசான காரியமில்லை. அனுபவித்துச் சொல்கிறேன்.

1941 கிறிஸ்துமஸ் அன்று ஹாங்காங் ஜப்பானியர் கையில் விழுந்தது. சியாவ் தப்பி, போர்க்காலத் தலைநகரான சோங்சிங்குக்கு வந்து சேர்ந்தார். நம் பழைய பத்திரிகைகளில் சுங்கிங் என்று எழுதுவோமே, அந்த ஊர்தான். அங்கே கம்யூனிஸ்ட் கட்சி ‘சின்ஹுவா நாளிதழ்’ என்று ஒரு பத்திரிகை நடத்தியது. அப்போது ஆண்ட கோமிண்டாங் கட்சி அரசின் தணிக்கைக்குக் கீழே, எதிரியின் தலைநகரிலேயே, எதிர்க்கட்சிப் பத்திரிகை. மேற்பார்வை, பிற்பாடு சீனப் பிரதமரான சூ என்லாய். சியாவ் அங்கே ‘யூ ஹுவாய்’ என்ற வேறொரு பெயரில் உலக அரசியல் எழுதினார்.

அந்த அலுவலகத்தைச் சுற்றி இருந்தவர்களைப் பாருங்கள். ஆசிரியர் குழுவில் இருந்த சாங் ஹான்ஃபு பிற்பாடு துணை வெளியுறவு அமைச்சர். சூ என்லாய் சார்பில் வெளிநாட்டு நிருபர்களைத் தினமும் சந்தித்துப் பேசிய இளம்பெண் கோங் பெங் பிற்பாடு வெளியுறவு அமைச்சகத்தின் செய்தித் துறைத் தலைவர். அமெரிக்க நிருபர்கள் அவருடைய ஆங்கிலத்தையும் துணிச்சலையும் பற்றி எழுதி வைத்திருக்கிறார்கள். இந்தக் கோங் பெங்கைத்தான் 1943-ல் சியாவ் திருமணம் செய்துகொண்டார்.

1949-ல் புது அரசு வந்ததும் சூ என்லாய்க்கு ஒரு சிக்கல். பழைய அரசின் தூதர்கள் வேண்டாம், தனி அடுப்பு மூட்டிக்கொள்வோம் என்பது மாவோவின் முடிவு. சரி, அடுப்பு மூட்ட ஆள் வேண்டுமே? முதல் வரிசைத் தூதர்களாகப் படைத் தளபதிகளை அனுப்பினார்கள். கட்டுப்பாடு தெரிந்தவர்கள், நம்பகமானவர்கள். ஆனால் அறிக்கை எழுதவும், எதிராளியின் அறிக்கையில் ஒளிந்திருப்பதைக் கண்டுபிடிக்கவும் வேறு வகை ஆள் தேவைப்பட்டது. அந்த ஆட்கள் சோங்சிங் பத்திரிகையிலும், ஹாங்காங்கின் சின்ஹுவா செய்தி நிறுவனக் கிளையிலும் தயாராக இருந்தார்கள். அந்தக் கிளையின் தலைவராக இருந்தவர் சியாவ்.

1950 நவம்பர் 24 அன்று நியூயார்க்கில் போய் இறங்கிய சீனத் தூதுக்குழு இதற்கு நல்ல உதாரணம். தலைவர் வூ சியுசுவான், படையிலிருந்து வந்தவர். ஆலோசகர் சியாவ். கொரியாவில் சீனப் படைகளும் அமெரிக்கப் படைகளும் மோதிக்கொண்டிருக்கும்போது, அமெரிக்க மண்ணில் ஐ.நா. பாதுகாப்புச் சபையில் உட்கார்ந்து அமெரிக்காவின் மேல் குற்றம் சாட்ட வந்திருக்கிறார்கள். அவர்கள் இறங்கிய அதே நாளில்தான் ஜெனரல் மெக்ஆர்தர் கொரியாவில் தன் பெரிய தாக்குதலைத் தொடங்கினார். நவம்பர் 28 அன்று வூ வெகுநேரம் பேசினார். பேசியவர் படைக்காரர், பேச்சைத் தயாரித்ததில் கை பத்திரிகைக்காரருடையது. அப்போது எடுத்த படத்தில் வூவுக்குப் பக்கத்தில் உயரமாக, கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்தான் சியாவ். அவர்களுடைய கோரிக்கை எதுவும் நிறைவேறவில்லை. டிசம்பரில் ஊர் திரும்பினார்கள்.

அடுத்தது கொரியாவின் கேசோங் ஊர். 1951 ஜூலையில் கொரியப் போர்நிறுத்தப் பேச்சு தொடங்கியது. மேசையில் உட்கார்ந்தவர்கள் வட கொரிய, சீனத் தளபதிகள். பின்னால் ஒரு வீட்டில் இருந்துகொண்டு அதை நடத்தியவர்கள் துணை வெளியுறவு அமைச்சர் லி கெனோங்கும் அவருக்குத் துணையாக சியாவும். சில வாரங்களில் முடிந்துவிடும் என்று கோடை உடுப்போடு போனார்கள் என்பார்கள். முடிய இரண்டு ஆண்டுகள் ஆயின. பகலில் மேசையில் நடந்ததை இரவில் கேட்டு, மறுநாள் சொல்ல வேண்டியதை எழுதித் தந்து, பெய்ஜிங்குக்குத் தந்தி அனுப்பி, விடிவதற்குள் பதில் வாங்கி... இரவுப் பணி என்று பார்த்தால் பத்திரிகை அலுவலகத்துக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

1951 ஆகஸ்ட் 10 அன்று அந்த மேசையில் ஒரு கூத்து நடந்தது. இரு தரப்பும் வாயே திறக்காமல் 2 மணி நேரத்துக்கும் மேல் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சிகரெட் புகைத்தார்கள், பென்சிலை உருட்டினார்கள். சீனத் தரப்பில் ஒருவர் மெல்ல எழுந்து பின் வீட்டுக்கு வந்து என்ன செய்வது என்று கேட்க, லி கெனோங் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தனுப்பினாராம்: ‘உட்கார்ந்தே இருங்கள்.’

அங்கே இன்னொன்றும் நடந்தது. என் போன்றவர்களுக்கு அதுதான் சுவையான பகுதி. அமெரிக்கப் படை தன் நிருபர்களுக்கு அளந்து அளந்துதான் செய்தி கொடுத்தது. மறுபக்கத்தில் வில்ஃப்ரெட் பர்செட், ஆலன் வின்னிங்டன் என்ற இரண்டு இடதுசாரிப் பத்திரிகையாளர்கள் இருந்தார்கள். மேசையில் நிஜமாக என்ன நடந்தது என்று இவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள அமெரிக்க நிருபர்களே வரத் தொடங்கிவிட்டார்கள். செய்தியைச் சீக்கிரம் கொடுக்கிறவன் சொல்லும் விதத்தில்தான் முதல் தலைப்பு வரும். இது சியாவ் கூட்டத்துக்குச் சோங்சிங்கிலேயே தெரிந்த பாடம்.

1954 ஜெனீவா மாநாடு, 1964-ல் துணை அமைச்சர் பதவி எல்லாம் வரிசையாக வந்தன. அவற்றைத் தாண்டிவிடுகிறேன்.

1966-ல் மாவோ தொடங்கிவைத்த கலாசாரப் புரட்சியில் வெளியுறவு அமைச்சகமும் தப்பவில்லை. 1967-ல் சியாவையும் அந்தப் புரட்சியின் செங்காவலர் இளைஞர்கள் கூட்டம் கூட்டித் திட்டினார்கள். அப்புறம் ஒரு தண்டனை. அவர்களுடைய துண்டுப் பத்திரிகைகளைக் கடைத்தெருவில் நின்று கூவி விற்க வேண்டும். தொழிலில் ஊறிய பத்திரிகைக்காரருக்கு இதைவிடப் பொருத்தமான அவமானம் கிடைக்காது. அவருடைய இரண்டாவது மனைவி சாங் ஹான்சி பிற்காலத்தில் சொன்ன கதை இது: மேற்பார்வை பார்த்தவர்கள் நகர்ந்ததும் பத்திரிகைக் கட்டை ஒரு ஓரமாக வைத்துவிட்டு, தன் சட்டைப்பையிலிருந்தே காசை எண்ணிக் கட்டிவிட்டு, பீர் குடிக்கப் போய்விடுவாராம். ‘எல்லாம் விற்றுவிட்டது’ என்ற கணக்கு. நம்பலாம் என்று நினைக்கிறேன், ஏனென்றால் குடியில் அவருக்கு இருந்த ஈடுபாட்டைப் பற்றி எல்லாத் தரப்பிலும் ஒரே சாட்சிதான்.

1970 செப்டம்பரில் கோங் பெங் இறந்தார். வயது 55.

அதற்கு அடுத்த ஆண்டு, 1971 அக்டோபர் 25 அன்று, ஐ.நா. பொதுச்சபை வாக்கெடுப்பு நடத்தியது. சீனாவின் இடம் தைவானிலிருந்த அரசுக்கா, பெய்ஜிங்குக்கா? பெய்ஜிங்குக்கு ஆதரவு 76, எதிர்ப்பு 35, நடுநிலை 17. இந்தியாவும் ஆதரித்துத்தான் வாக்களித்தது. அந்தச் சமயத்தில் அமெரிக்க அதிபர் நிக்சனின் ஆலோசகர் கிஸ்ஸிங்கர் பெய்ஜிங்கில் பேச்சுவார்த்தை முடித்துக் கிளம்பிக்கொண்டிருந்தார் என்பது தனி வேடிக்கை. சீனாவுக்கே இவ்வளவு சீக்கிரம் எதிர்பார்ப்பு இல்லை, ஆயத்தமும் இல்லை. உடனே ஆள் அனுப்பு என்றார் மாவோ. குழுவின் தலைவர் சியாவ், துணைத் தலைவர் ஹுவாங் ஹுவா.

வூவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு ஊர் திரும்பி 21 ஆண்டுகளுக்கு அப்புறம் அதே நியூயார்க். நவம்பர் 15 அன்று அவை கூடியது. ஒரு நாட்டுப் பிரதிநிதிக்குப் பின் இன்னொருவராக எழுந்து வரவேற்றுப் பேசி முடிக்கவே மணிக்கணக்கில் ஆயிற்று. அப்போது எடுத்த படம்தான் உலகம் சுற்றியது: நாற்காலியில் பின்னால் சாய்ந்து, தலையை அண்ணாந்து, வாய்விட்டுச் சிரிக்கிறார். சீன அதிகாரி என்றாலே பொத்தான் மாட்டிய இறுகிய முகம் என்று நினைத்திருந்தவர்களுக்கு அந்தச் சிரிப்பு ஒரு அதிர்ச்சி. எங்கள் அலுவலகத்தில்கூட அந்தப் படத்தை ஒருவர் அலமாரிக் கதவில் ஒட்டி வைத்திருந்தார்.

பேச்சில் சீனா இன்றைக்கும் சரி, எதிர்காலத்திலும் சரி, மற்றவர்களை மிரட்டும் வல்லரசாக ஆகாது என்றார். அந்த வாக்கியத்தை இன்றைக்கு எடுத்துப் படிப்பவர்கள் எப்படிப் படிப்பார்கள் என்பது அவரவர் விருப்பம். அடுத்த சில வாரங்களில் வங்கதேசப் போர் வந்தது. நாம் வாக்களித்து உள்ளே அழைத்த சீனா, பாகிஸ்தான் பக்கம் நின்று நம்மைக் கடுமையாகத் திட்டியது. நம் ஊர்ப் பத்திரிகைகளுக்கு அந்தச் சிரிப்பு அவ்வளவு சீக்கிரம் கசந்துபோனது.

என்னைக் கேட்டால் அவருடைய உச்சம் ஐ.நா. இல்லை. 1972 பிப்ரவரியில் நிக்சன் சீனா வந்த அந்த ஒரு வாரம்தான். மாவோ கைகுலுக்கினார், நிக்சன் பெருஞ்சுவர் பார்த்தார், தொலைக்காட்சி எல்லாவற்றையும் காட்டியது. காட்டாதது ஒன்று உண்டு. ராத்திரி ராத்திரியாகக் கிஸ்ஸிங்கரும் சியாவும் உட்கார்ந்து கூட்டறிக்கையின் வாசகத்தை வரி வரியாக இழுத்துக்கொண்டிருந்தது. வழக்கமான கூட்டறிக்கை போலச் சப்பென்று ‘நட்புறவு நிலவியது’ என்று எழுதப் பெய்ஜிங் ஒப்பவில்லை. எங்களுக்குள் என்ன வேறுபாடு என்று அவரவர் தனித்தனியாக எழுதுவோம், ஒத்துப்போகிற கொஞ்சத்தை அப்புறம் எழுதுவோம் என்பது அதற்கு முந்தைய அக்டோபரிலேயே சீனர்கள் வைத்த யோசனை. முட்டிக்கொண்ட இடம் தைவான்.

கடைசியில் வந்த அமெரிக்க வாசகம் இப்படி: தைவான் நீரிணையின் இரு கரையிலும் உள்ள சீனர்கள் அனைவரும் ஒரே சீனாதான் உண்டு என்றும், தைவான் அதன் பகுதி என்றும் கருதுவதை அமெரிக்கா அறிந்துகொள்கிறது, அதை எதிர்த்து வாதிடவில்லை. கவனியுங்கள். ஒப்புக்கொள்கிறது என்று இல்லை, மறுக்கிறது என்றும் இல்லை. அப்படி ஒரு கருத்து இருப்பதைத் தெரிந்துகொண்டேன் என்கிறது. இரண்டு பக்கமும் ஊருக்குப் போய்த் தனக்கு வேண்டிய அர்த்தத்தைச் சொல்லிக்கொள்ளலாம். 50 ஆண்டு தாண்டியும் அந்த வாக்கியத்தின் மேல் ஏறித்தான் இரண்டு நாடுகளும் நடக்கின்றன.

கதை அதோடு முடியவில்லை. எல்லாம் முடிந்தது என்று ஹாங்சோ ஊருக்கு வந்த பிறகு, அதுவரை ஓரங்கட்டப்பட்டிருந்த அமெரிக்க வெளியுறவுத் துறை அதிகாரிகள் வாசகத்தைப் படித்துவிட்டுக் கொதித்தார்கள். ‘சீனர்கள் அனைவரும்’ என்று எப்படிச் சொல்வது, தைவான்காரர்களில் அப்படி நினைக்காதவர்களும் இருக்கிறார்களே என்பது ஒரு ஆட்சேபம். கிஸ்ஸிங்கர் அந்த ராத்திரியே ஒரு பட்டியலோடு சியாவிடம் திரும்பிப் போக வேண்டியதாயிற்று. ஏறத்தாழ, அச்சுக்குப் போன பக்கத்தை நிறுத்தித் திருத்தச் சொல்கிற கதை. சியாவ் சில்லறைத் திருத்தங்களுக்கு இடம் கொடுத்தார், தைவான் பற்றிய வரியில் கை வைக்க விடவில்லை. பிப்ரவரி 28 தேதியிட்டு ஷாங்காயில் அறிக்கை வெளிவந்தது. அதில் அவர் பெயர் எங்கும் கிடையாது.

இனிமேல் சொல்லப்போவது அவ்வளவு இனிமையானது இல்லை. 1973 கடைசியில், கிஸ்ஸிங்கரோடு நடத்திய பேச்சில் சூ என்லாய் விட்டுக்கொடுத்துவிட்டார் என்று மாவோ சந்தேகப்பட்டார். சூவை நிற்க வைத்துக் கண்டிக்க அரசியல் குழு கூட்டங்கள் நடந்தன. புற்றுநோயோடு இருந்த மனிதர் அவர். கண்டித்துப் பேசியவர்களில் சியாவும் ஒருவர். சோங்சிங்கில் தன்னைக் கண்டெடுத்து, முப்பது ஆண்டு பக்கத்தில் வைத்துக்கொண்டவரை! பேசாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தெரியாதவர் இல்லை அவர். அதைப் புரிந்துகொள்ள முடிகிறது. ஆனாலும் இதை விட்டுவிட்டு அந்தச் சிரிப்பை மட்டும் பேசிக்கொண்டிருக்க எனக்கு மனம் வரவில்லை. அந்த ஆண்டுதான் சாங் ஹான்சியைத் திருமணம் செய்துகொண்டார். மாவோவுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவர், அமைச்சகத்தில் மொழிபெயர்ப்பாளர். அதனால் மேலிடத்துக்கு நெருக்கம் கூடியது, அந்த நெருக்கத்தின் ஆபத்தும் கூடியது.

1974 ஏப்ரலில் ஐ.நா.வில் துணைப் பிரதமர் டெங் சியாவோபிங், வல்லரசுகள், வளர்ந்த நாடுகள், வளரும் நாடுகள் என்று உலகைப் பிரிக்கும் மூன்று உலகங்கள் கோட்பாட்டைப் பேசியபோது அந்தப் பேச்சுத் தயாரிப்பிலும் சியாவ் இருந்தார். நவம்பரில் வெளியுறவு அமைச்சர் ஆனார்.

1976-ல் நமக்கும் ஒரு தொடர்பு வருகிறது. 15 ஆண்டுகளுக்குப் பிறகு இந்தியா மறுபடியும் பெய்ஜிங்குக்கு முழுத் தூதர் ஒருவரை அனுப்பியது. அவர் கே. ஆர். நாராயணன். பின்னாளில் குடியரசுத் தலைவர். இளம் வயதில் அவரும் பத்திரிகைக்காரர், சென்னையில் ஹிந்து நாளிதழில் கொஞ்ச காலம் வேலை பார்த்தவர். அவர் போய்ச் சேர்ந்தபோது சீனாவின் வெளியுறவு அமைச்சர் நம் சியாவ். செய்தி எழுதியே வளர்ந்த இரண்டு பேர், இரண்டு நாடுகளின் சார்பில் ஒரே ஊரில்.

ஆனால் அந்த ஆண்டு பெய்ஜிங்கில் யாருக்கும் நிலையில்லை. ஜனவரியில் சூ என்லாய் இறந்தார், செப்டம்பரில் மாவோ. மாவோவின் கடைசிச் சொல் எது என்பதில் சண்டை. ‘வகுத்த வழியில் செயல்படுங்கள்’ என்று சொன்னார் என்றது மாவோவின் மனைவி சியாங் சிங்கின் கோஷ்டி. இல்லை, எனக்கு எழுதிக் கொடுத்தது ‘கடந்தகால வழியில் செயல்படுங்கள்’ என்றார் புதிய தலைவர் ஹுவா குவோஃபெங். சீனத்தில் ஆறே எழுத்துகள். ஐ.நா.வுக்குப் போகிற சியாவின் பேச்சு வரைவில் முதல் வாசகம் இருந்தது. அக்டோபர் 2 அன்று ஹுவா அதை அடித்து, ஆறு எழுத்தில் மூன்று தப்பு என்று குறிப்பெழுதினார். சியாவ் அப்போது பல்லாயிரம் மைலுக்கு அப்பால் நியூயார்க்கில். 5-ந் தேதி பொதுச்சபையில் பேசினார். 6-ந் தேதி இரவு பெய்ஜிங்கில் சியாங் சிங் உட்பட அந்தக் கோஷ்டியின் தலைவர்கள் நால்வரும் கைதானார்கள்.

திரும்பி வந்தவருக்கு, அந்தக் கோஷ்டியோடு சேர்ந்தவர் என்று விசாரணை காத்திருந்தது. டிசம்பரில் பதவி போயிற்று, அந்த இடத்துக்கு ஹுவாங் ஹுவா வந்தார். அந்த அறிவிப்பை டெலிபிரிண்டரிலிருந்து கிழித்தவன் நான்தான். நம் நாட்டில் நெருக்கடி நிலை நடந்துகொண்டிருந்த காலம். எதை எழுதினாலும் தணிக்கையை நினைத்துக்கொண்டுதான் எழுத வேண்டும். அடுத்த நாட்டு அமைச்சர் நீக்கப்பட்டார் என்று எழுத யாருடைய அனுமதியும் தேவைப்படவில்லை.

அதற்குப் பிறகு ஆறு ஆண்டு அவர் பெயர் செய்தியில் வரவே இல்லை. 1982 வாக்கில் பழியைத் தளர்த்தி, வெளிநாட்டு நட்புறவுச் சங்கத்தில் ஆலோசகர் என்று ஒரு பொறுப்புக் கொடுத்தார்கள். அதற்குள் நுரையீரல் புற்றுநோய் முற்றிவிட்டது. 1983 செப்டம்பர் 22 அன்று காலமானார்.

அன்றைக்கும் எனக்கு இரவுப் பணிதான். இதற்கிடையில் 1979-லிருந்து சீனா ஆங்கிலத்தில் எழுதும் முறையையே மாற்றிவிட்டது, எல்லாப் பெயர்களும் புது எழுத்துக்கூட்டலில் வந்துகொண்டிருந்தன. புதிதாகச் சேர்ந்திருந்த பையன் ஒருவன் தாளைப் பார்த்து ‘கியாவோ’ என்று எழுதி வைத்துவிட்டு, “சார், இவர் யார்? இரண்டு வரி போதுமா?” என்று கேட்டான். நான் அதை அடித்துவிட்டுப் பழைய பெயரை எழுதினேன். அப்புறம் அலமாரிக் கதவில் அந்தப் படம் இன்னும் இருக்கிறதா என்று போய்ப் பார்த்தேன். அலமாரியையே மாற்றியிருந்தார்கள். பக்கத்தில் இடமும் இல்லை. இரண்டு வரிதான் போயிற்று.

வணக்கம்.